கிரிந்தக் கரையில் ஒரு கட்டுச் சுருட்டு

எழுபது வயதைத் தொட்ட நான்கு பேர், தூண்டிலும் சுருட்டுமாகக் கடற்கரைக்குப் போகிறோம் என்று அறிவித்தால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை வாசகர்கள் எளிதில் ஊகித்துக்கொள்வர். தூண்டிலுக்கு எதிர்ப்பு எழவில்லை. சுருட்டுக்குத்தான் எழுந்தது. "இருமல் மருந்துக்கே பென்சன் பத்தவில்லை, இதில் சுருட்டு வேறயா?" என்று என் மனைவி கேட்டாள். நியாயமான கேள்வி. நான் புகைப்பதை விட்டு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒரே ஒரு நாளைக்கு விலக்கு என்று மன்றாடி, கடைசியில் தூண்டில் பைக்குள் சுருட்டை ஒளித்துக்கொண்டு புறப்பட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நால்வரும் ஹல்துமுல்லைக்கு அருகே ஒரே தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். இன்னொருவர் பண்டாரவளையிலிருந்து மரக்கறி ஏற்றும் லொறிக்காரர். மூன்றாமவர் 1984இல் நாட்டைவிட்டுப் போய் டொரொன்டோவில் பேரப்பிள்ளை கண்டவர். நான்காமவன் பத்திரிகைக்காரனாகிய அடியேன். டொரொன்டோக்காரர் இம்முறை வரும்போது ஒரு சிறு பெட்டியில் ஹவானாச் சுருட்டுகள் கொண்டு வந்திருந்தார். லொறிக்காரர் யாழ்ப்பாணத்துக்கு வெங்காயம் ஏற்றப் போனபோது ஒரு கட்டு யாழ்ப்பாணச் சுருட்டு வாங்கி வந்திருந்தார். "இரண்டையும் கடற்கரையில் வைத்துப் பற்றிப் பார்ப்போம். எது சுருட்டு என்று அங்கே தெரியும்" என்று பந்தயம் கட்டியதும் அவரே.

கடற்கரைக்கு ஏன் இத்தனை ஆர்வம் என்று கேட்பவர்களுக்கு ஹல்துமுல்லையின் இருப்பைச் சற்று விளக்கவேண்டும். மத்திய மலைநாடு தெற்கே திடீரென முடிந்து செங்குத்தாய்ச் சரியும் விளிம்பில் எங்கள் ஊர் தொற்றிக்கொண்டிருக்கிறது. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மட்டக்களப்புக்குப் போகும் நெடுஞ்சாலை ஊரின் நடுவே ஓடுகிறது. தேயிலை மலையின் உச்சி நிரையில் நின்று தெற்கே பார்த்தால் உடவளவைச் சமவெளி விரிந்து கிடக்கும். தை, மாசி மாதங்களில், மேகமும் புகாரும் விலகிய விடியற்காலையில், அந்தச் சமவெளிக்கும் அப்பால் வெள்ளிக்கம்பி போல ஒரு கோடு மின்னும். "அதுதான் கடல்" என்று பெரியவர்கள் காட்டுவார்கள். கொழுந்துக்கூடையோடு நிற்கும் அம்மாமார் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிவார்கள். எனக்கு இருபது வயதாகும்வரை கடல் என்பது அந்தக் கோடுதான்.

எங்கள் சனம் கதிர்காமத்துக்கு நடந்தே போகும். ஆடிவேல் காலத்தில் கால்நடையாகச் சென்று, மாணிக்க கங்கையில் முழுகி, காவடி எடுத்து, திருநீற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டு திரும்பி வரும். அங்கிருந்து திஸ்ஸமகாராமை வழியாக இன்னும் முப்பது கிலோமீற்றர் போயிருந்தால் கிரிந்தக் கடற்கரை. போனவர் எவரையும் நான் அறியேன். கடவுளைப் பார்க்கத் தோட்டத்தில் விடுப்புக் கிடைக்கும். கடலைப் பார்க்க எந்தத் துரை விடுப்புக் கொடுத்தான்?

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கடலையே பாராத இந்த மக்களுக்கு நாட்டில் வழங்கிய பெயர் கள்ளத்தோணி. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் எங்கள் பெற்றோரை ஒரே இரவில் நாடற்றவர்களாக்கிய பின், அந்தச் சொல் பஸ்ஸிலும் சந்தையிலும் அலுவலக வாசல்களிலும் தாராளமாகப் புழங்கியது. எங்கள் பாட்டன்மார் கடல் கடந்து வந்தவர்கள்தாம், மறுப்பதற்கில்லை. கோப்பித் தோட்டத்துக்கென்று வெள்ளையன் ஆள்கட்டி அழைத்து வந்த கூட்டம் அது. கள்ளமாக வந்தவர்கள் அல்லர், கணக்கெழுதிக் கொண்டுவரப்பட்டவர்கள். நான் இளம் நிருபராக இருந்த நாளில், சோதனைச் சாவடி ஒன்றில் என் பெயரையும் பிறந்த ஊரையும் பார்த்த ஒருவர், "தோணியில் எப்போது வந்தாய்?" என்று சிரித்தார். ஹல்துமுல்லைக்குத் தோணி எப்படி ஏறும் என்று திருப்பிக் கேட்க அன்றைக்குத் துணிவு வரவில்லை. லொறிக்கார நண்பருக்கோ குடியுரிமை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு.

ஆகவே, கடலில் தூண்டில் போட்டுச் சுருட்டுப் பிடிப்பது எங்கள் நால்வருக்கும் சின்ன விடயமன்று.

சுருட்டுக்கு வருகிறேன். எங்கள் கடைத்தெருவில் ஒரு சுருட்டுக்கடை இருந்தது. அக்காலத்தில் தென்னிலங்கையிலும் மலையகத்திலும் சுருட்டுக்கடை இல்லாத நகரம் அரிது. பெரும்பாலும் யாழ்ப்பாணத்தவர்கள், அதிலும் தீவுப்பகுதி ஆட்கள், அவற்றை நடத்தினார்கள். யாழ்ப்பாணப் புகையிலைக்கு முன்னொரு காலத்தில் திருவிதாங்கூர்தான் பெருஞ்சந்தை. இன்றும் மலையாளிகள் வெற்றிலை பற்றிப் பேசினால் 'ஜாப்பாணம் புகையில' என்ற பெயர் வந்துவிடும். அங்கே வரி கூடி வியாபாரம் தளர்ந்தபோது, அந்தப் புகையிலை சுருட்டாக உருமாறித் தெற்கு நோக்கி வந்தது. தோட்டத்து இலையைக் குடிலில் தொங்கவிட்டு, தென்னம்பொச்சு எரித்துப் புகையூட்டி, கருப்பட்டியும் இன்ன பிறவும் சேர்த்துக் காய்ச்சிய கோடாவில் நனைத்துப் பதப்படுத்திச் சுற்றினார்கள். கோடாவின் பக்குவம் ஒவ்வொரு முதலாளிக்கும் குடும்ப இரகசியம். சிங்களத்திலும் சுருட்டுக்குச் சுருட்டு என்றே பெயர். ஆங்கிலேயன் 'செரூட்' என்று எழுதிக்கொண்டதும் இதே சொல்லைத்தான். ஷெர்லக் ஹோம்ஸ் 1887இல் வெளிவந்த தமது முதல் கதையிலேயே தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்து, இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று துப்புத் துலக்குகிறார். இத்தகவலை ஆசிரிய நண்பர் பயணத்தில் மூன்று முறை சொன்னார்.

எங்கள் கடை முதலாளிக்குக் கண்ணில் பூ விழுந்திருந்தது. அப்பாவுக்குச் சுருட்டு வாங்க ஞாயிறுதோறும் நான் போவேன். சுருட்டைச் சுற்றித் தரும் பழைய பத்திரிகைத் துண்டை வழியிலேயே பிரித்து எழுத்துக்கூட்டுவது என் வழக்கம். இதை ஒருநாள் கண்ட முதலாளி கூப்பிட்டார். "தம்பி, உனக்கு வாசிக்கத் தெரியுமோ? இந்தா, இண்டையான் பேப்பர். வாசி பாப்பம்." அன்றிலிருந்து ஞாயிறுதோறும் வாங்குப் பலகையில் ஏறி உட்கார்ந்து வீரகேசரியோ தினகரனோ உரக்க வாசிப்பேன். சம்பளம், அப்பாவுக்கு ஒரு சுருட்டு இலவசம். பத்திரிகையால் நான் ஈட்டிய முதல் ஊதியம் அதுவே. தன் ஊரிலும் இப்படித்தான் என்பார் முதலாளி. "எங்கட சுருட்டுக் கொட்டிலிலை ஒராள் பேப்பர் வாசிக்க, மற்ற ஆக்கள் கேட்டுக்கொண்டு சுத்துவினம். கைக்குத்தானே வேலை, காது சும்மாதானே கிடக்கு."

பல்லாண்டுகள் கழித்து வேறோர் அலுவலாகப் படித்தபோது கியூபாவிலும் இவ்வழக்கம் உண்டென்று அறிந்து வியந்தேன். 1865 முதல் ஹவானாச் சுருட்டு ஆலைகளில், தொழிலாளர் தம் கூலியில் காசு போட்டு ஒரு வாசிப்பாளரை அமர்த்தினார்கள். காலையில் பத்திரிகை, பின்னேரம் நாவல். அலெக்சாந்தர் துய்மாவின் 'மாண்டி கிறிஸ்டோ' கேட்டு மயங்கியதால் அப்பெயரையே ஒரு சுருட்டுக்கு வைத்தார்கள் என்பார்கள். எங்கோ ஒரு தீவிலும், எங்கள் தீவின் வடக்கிலும், ஒருவரையொருவர் அறியாத தொழிலாளர் ஒரே முறையைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அச்செய்தியை நான் அந்தச் சுருட்டுக்கடையில் வாசித்தேன். எனக்கு ஒன்பது வயது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேர். அவர்களில் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இங்கே, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம். பெரிய எண்களைச் சரியாக வாசித்துவிட்டேன் என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது. முதலாளி முகம் சுருங்கி, "மெல்ல வாசி தம்பி, இது உங்கட ஆக்களைப் பற்றின விசயம்" என்றார். நிமிர்ந்து பார்த்தேன். அன்றைக்கு அப்பாவும் கடை வாசலில் நின்றிருந்தார். கையில் சுருட்டு, பற்றவைக்கவில்லை. எத்தனை பேர் என்று மறுபடி கேட்டார். வாசித்தேன். ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார்.

1973இல் என் சித்தப்பா குடும்பம் அந்த ஐந்தேகால் இலட்சத்தில் சேர்ந்தது. அப்புத்தளை ஸ்டேசனில் ஏறினார்கள். ஒவ்வொரு ஸ்டேசனிலும் அழுகை ஏறியதால் சனங்கள் அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றார்கள். மற்றவர்கள் மேடையிலேயே நின்றுவிட, அப்பா மட்டும் தம்பியைத் தனியே அனுப்ப மனமில்லாமல் தலைமன்னார்வரை போனார். அவர் கடலைப் பக்கத்தில் கண்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். திரும்பி வந்தவரிடம் கடல் எப்படி இருந்தது என்று கேட்டேன். "தண்ணியா இருந்திச்சு" என்றார். நெடுநாளைக்குப் பிறகு அம்மாதான் சொன்னார். இறங்குதுறையில் அண்ணனும் தம்பியும் ஒரே சுருட்டை மாறி மாறிப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். பாதியில் கப்பலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மீதிப் பாதியை அப்பா அணைத்து மடியில் கட்டிக்கொண்டு வந்து, பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள் கிடந்த தகரப் பெட்டியில் போட்டுவிட்டார். பின்னொரு நாள் நான் அப்பெட்டியைத் திறந்தபோது அது தூளாகிப் பத்திரங்களின் மடிப்புகளில் படிந்திருந்தது. சித்தப்பா நீலகிரிக்குப் போய்ச் சேர்ந்தார் என்று ஒரு கடிதம் வந்தது. அதற்குப் பிறகு வந்த கடிதங்களைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

அப்பா 1980களில் நெஞ்சுச் சளியில் போனார். சுருட்டுக்கும் அதில் பங்குண்டு என்பதை நான் மறைக்கப் போவதில்லை. சுருட்டுப் புகையை உள்ளே இழுப்பதில்லை, வாயில் நிறுத்தி விட்டுவிடுகிறோம், ஆகவே கெடுதியில்லை என்பது சுருட்டுக்காரர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். வாய்க்கும் தொண்டைக்கும் வரும் புற்றுநோய் அந்தச் சமாதானத்தைக் கேட்பதில்லை. ஆந்திரக் கடலோரத்தில், காற்றுக்கு அணையாதிருக்க நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துச் சுருட்டுப் பிடிக்கும் பெண்களின் மேலண்ணப் புண்ணைப் பற்றி மருத்துவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். இளைஞர்கள் இதை வாசித்தால் எங்களைப் பின்பற்ற வேண்டாம். சுருட்டுக்கடையோ 1983 ஜூலைக்குப் பின் திறக்கப்படவில்லை. முதலாளி ஊருக்குப் போனார் என்றார்கள்.

மாசி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை விடியுமுன் லொறியிலேயே புறப்பட்டோம். பெரகலையில் தேநீர். கொஸ்லந்தையைக் கடக்கும்போது எவரும் பேசவில்லை. 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் மீரியபெத்தை லயங்களை மண்மலை மூடியதைச் செய்தியாக எழுத நான் அங்கே நின்றவன். ஆசிரிய நண்பரோ தம் மாணவர்களைத் தேடி நின்றவர். அடுத்த வளைவில் தியலும நீர்வீழ்ச்சி, 220 மீற்றர் உயரத்திலிருந்து மாசிமாத மெலிவோடு விழுந்துகொண்டிருந்தது. வெல்லவாயவில் நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பி, தணமல்வில, திஸ்ஸமகாராமை என்று இறங்கினோம். நான்கு மணி நேரம்கூட ஆகவில்லை. அப்பாவின் ஆயுளில் நடக்காத பயணம் இவ்வளவுதான்.

கிரிந்தவில் பாறைக்குன்றின் மேல் விகாரை. அதன் அடியில் அலை முரட்டுத்தனமாக மோதுகிறது. குளிக்கத் தகுந்த கடலன்று. சற்றுத் தள்ளி, பாறைகளுக்கு நடுவே மணல் கிடந்த இடத்தில் தங்கூசி நூலை விரித்தோம். ஈயக்குண்டு, தூண்டில் முள், இரைக்குக் கணவாய்த் துண்டு. நால்வருக்கும் சேர்த்து அனுபவம் பூச்சியம். முதல் வீச்சில் லொறிக்காரரின் முள் ஆசிரியரின் சாரத்தில் மாட்டியது.

வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு முதியவர் எங்கள் கூத்தை வெகுநேரம் பார்த்திருந்துவிட்டு எழுந்து வந்தார். மலாய்க்காரர். அந்தக் கரையில் தலைமுறை தலைமுறையாக மீன்பிடிக்கும் குடும்பம். சிங்களத்தில்தான் பேசினார். "மாத்தையாமார் எந்த ஊர்?"

"ஹல்துமுல்லை."

"அதுதான் பார்த்தேன். கொழுந்து பறிக்கிற மாதிரி இழுக்கிறீர்கள். மீன் கடிக்கட்டும், கொஞ்சம் விட்டுப்பிடிக்க வேண்டும்."

அவர் காட்டிய முறையில் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று விளைமீனும் உள்ளங்கையகலப் பாரை ஒன்றும் அகப்பட்டன. பாரையைப் பிடித்தவன் நான். நூல் விரலை அறுத்துக்கொண்டு ஓடியபோது ஏற்பட்ட பதற்றத்தை எந்தத் தேர்தல் முடிவு இரவிலும் நான் அடைந்ததில்லை.

மாலை மங்கியதும் பந்தயச் சுருட்டுகள் வெளிவந்தன. 2006ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் மூடிய பொது இடங்களில்தான் புகைப்பதைத் தடுக்கிறது. திறந்த கடற்கரையில் எங்களைத் தடுக்க மனைவிமாரும் அருகில் இல்லை. ஆனால் காற்று இருந்தது. ஒரு பெட்டித் தீக்குச்சியில் பாதி ஹவானாவுக்கே செலவாயிற்று. பற்றிய பின், சொல்லத்தான் வேண்டும், அது அரச வம்சம். புகை மிருதுவாக வந்து, மரத்தின் வாசனையும் கோப்பியின் கசப்புமாக நாவில் தங்கியது. டொரொன்டோக்காரர் வெற்றிப் புன்னகை புரிந்தார்.

பிறகு யாழ்ப்பாணச் சுருட்டு. அதைப் பற்றவைத்து முதல் புகை வந்ததும் எனக்கு இருமல் வந்தது. இருமல் அடங்கியதும் கோடாவின் இனிப்பு வாசனை மூக்கில் ஏறியது. அந்த வாசனையோடு எங்கள் லயத்துக் காம்பரா வந்தது, அடுப்படிப் புகை வந்தது, காலில் ஏறிய அட்டைக்குச் சுருட்டு முனையைக் காட்டி உதிர்க்கும் அப்பாவின் விரல்கள் வந்தன, வாங்குப் பலகையில் கால் எட்டாமல் தொங்கவிட்டபடி எண்களை உரக்க வாசிக்கும் பையன் வந்தான். எது சிறந்தது என்று நண்பர்கள் கேட்டார்கள். நடுவனாக இருக்கும் தகுதியை நான் இழந்துவிட்டேன் என்றேன். லொறிக்காரர் தாம் வென்றதாக எடுத்துக்கொண்டார்.

முதியவர் மணம் பிடித்து வந்தார். "யாப்பன சுருட்டு!" என்றார் முகம் மலர்ந்து. ஹவானாவை நீட்டினோம். முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையோடு திருப்பித் தந்தார். இருள் கவிந்ததும் கடலுக்குள் வெகுதொலைவில் ஓர் ஒளி சுழன்று வெட்டியது. 1873 முதல் எரியும் பெரும்பாறைத் திட்டுக் கலங்கரை விளக்கம். மகா இராவண கோட்டை என்பது அதன் உள்ளூர்ப் பெயர். அப்பாறைகளின் அடியில் 1961இல் முகலாயர் காலத்து வெள்ளி நாணயங்கள் குவியலாக அகப்பட்டதையும், ஆதர் சி. கிளார்க் அதை வைத்து நூல் எழுதியதையும் நான் சொன்னேன். ஆசிரியரின் ஷெர்லக் ஹோம்ஸுக்கு அது சரியான பதிலடி.

அப்போது டொரொன்டோக்காரர் கடலுக்கு முதுகைத் திருப்பி வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். பகலில் நீலச் சுவராகத் தெரிந்த மலைத்தொடர் இருளில் மறைந்திருக்க, அந்த உயரத்தில் நாலைந்து வெளிச்சப் புள்ளிகள் நடுங்கின. "ஹல்துமுல்லைதானே அது?" என்றார். ஆசிரியர் பெரகலை என்றார். லொறிக்காரர் அப்புத்தளை என்று சத்தியம் செய்தார். முதியவரைக் கேட்டோம். "தெரியாது மாத்தையா. நான் அங்கே போனதேயில்லை. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், அவ்வளவுதான்" என்றார்.

என் சுருட்டு பாதியில் நின்றிருந்தது. அதற்கு மேல் நெஞ்சு இடங்கொடுக்கவில்லை. பாறையில் தேய்த்து அணைத்தேன். எறியப் போகிறேன் என்று எண்ணிய முதியவர் கையை நீட்டினார். கொடுத்தேன். காதிடுக்கில் செருகிக்கொண்டு, விடியற்காலை தோணிக்கு ஆகும் என்று சொல்லி நடந்தார்.

மறுநாள் வீடு வந்து, வாசலிலேயே நாலு தடவை வாய் கொப்பளித்த பின்பே உள்ளே நுழைந்தேன். மனைவி பாரை மீனைக் கையில் வாங்கிக்கொண்டு என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கடலுக்குப் போன ஆளுகிட்ட மீன் வாடை அடிக்கும்னு நெனச்சேன்" என்றாள். "ஒங்க அப்பா வாடை அடிக்குது."